கடலில் நனைந்த கைக்கடிகாரம்!

விமானிகளின் மணிக்கட்டில் இடம் பிடித்த ஒரு சுவிஸ் குடும்பத்தின் கதை

1962-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி.

அட்லாண்டிக் மாகடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். நடுவே ஒரு சின்ன ரப்பர் படகு. அதில் ஒரு மனிதர் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

கப்பல் உடைந்து தப்பியவரா? இல்லை. அவர் ஆகாயத்தில் இருந்து வந்தவர்! பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு, சற்று முன்புதான் கடலில் விழுந்தார். அவர் வந்த விண்கலம் பக்கத்தில் மிதந்து கொண்டிருக்கிறது.

அவர் பெயர் ஸ்காட் கார்பெண்டர். அமெரிக்காவின் விண்வெளி வீரர்களில் ஒருவர். அவர் இறங்க வேண்டிய இடம் வேறு. இறங்கிய இடம் வேறு. 400 கிலோ மீட்டர் தள்ளி வந்து விழுந்துவிட்டார். கப்பல்களும் விமானங்களும் அவரைத் தேடுகின்றன.

அவருடைய கையில் ஒரு கடிகாரம். அதற்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டது.

கார்பெண்டரைச் சுமார் மூன்று மணி நேரத்தில் மீட்டுவிட்டார்கள். கடிகாரம்? அது பிழைக்கவில்லை. அந்தக் கடிகாரம் கடைசியில் என்ன ஆயிற்று என்பது ஒரு தனிக் கதை. அதைச் சொல்வதற்கு முன்பு, அதைச் செய்த கம்பெனியின் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கம்பெனியின் பெயர் பிரைட்லிங்.

மலை ஊரில் ஒரு பட்டறை

சுவிட்சர்லாந்தின் மேற்கு ஓரத்தில் ஜூரா என்ற மலைத்தொடர் இருக்கிறது. குளிர் காலத்தில் அங்கே பனி கொட்டும். வயலில் வேலை செய்ய முடியாது. அதனால் அந்தக் காலத்துக் குடியானவர்கள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கடிகாரத்துக்கான சின்னச் சின்னச் சக்கரங்களைச் செய்தார்கள். நாளடைவில் அதுவே அந்த வட்டாரத்தின் பிழைப்பாகிவிட்டது.

அங்கே உள்ள சான் இமியே என்ற சிற்றூரில், 1884-ம் ஆண்டு ஒரு வாலிபர் பட்டறை தொடங்கினார். அவருக்கு வயது 24. பெயர், லியோன் பிரைட்லிங்.

மணி காட்டும் கடிகாரங்களை ஊரே செய்து கொண்டிருந்தது. அதில் போட்டி போட லியோன் விரும்பவில்லை. அவர் ‘குரோனோகிராப்’ என்னும் கடிகாரத்தில் கவனம் செலுத்தினார்.

குரோனோகிராப் என்றால் என்ன?

ஓட்டப் பந்தயத்தில் நேரம் பார்க்க ‘ஸ்டாப் வாட்ச்’ வைத்திருப்பார்கள் அல்லவா? பொத்தானை அழுத்தினால் முள் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். சாதாரணக் கடிகாரமும் இந்த ஸ்டாப் வாட்சும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் அதுதான் குரோனோகிராப். மணியும் பார்க்கலாம். ஒரு வேலை எத்தனை விநாடியில் முடிந்தது என்றும் பார்க்கலாம்.

அது தொழிற்சாலைகள் பெருகிய காலம். சைக்கிள் பந்தயமும் மோட்டார் பந்தயமும் வந்த காலம். டாக்டர்கள் நாடித் துடிப்பை எண்ணினார்கள். எஞ்சினீயர்கள் இயந்திரத்தின் சுற்றுகளை எண்ணினார்கள். எல்லோருக்கும் விநாடிக் கணக்கு தேவைப்பட்டது. லியோனின் சரக்கு நன்றாக விலை போயிற்று.

1892-ல் அவர் லா ஷோ-டி-போன் என்ற பெரிய ஊருக்குப் பட்டறையை மாற்றினார். அது ஒரு விசித்திரமான ஊர். 1794-ல் தீ விபத்து ஏற்பட்டு ஊர் பெரும்பாலும் சாம்பலாயிற்று. திரும்பக் கட்டியபோது, தெருக்களை நூல் பிடித்தாற்போல் நேர் நேராகப் போட்டார்கள். ஒரு வீட்டின் நிழல் இன்னொரு வீட்டின் மீது விழாமல் பார்த்துக் கொண்டார்கள். கடிகாரம் செய்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமே!

(நம் நாட்டின் சண்டிகார் நகரைத் திட்டமிட்ட லெ கார்பூசியே பிறந்தது இந்த ஊரில்தான். அவருடைய தந்தையும் கடிகாரத் தொழிலாளிதான்.)

பாக்கெட்டில் இருந்து கைக்கு

அந்தக் காலத்தில் ஆண்கள் கைக்கடிகாரம் கட்டுவது வழக்கம் இல்லை. சங்கிலி போட்டு, சட்டைப் பையில் வைத்துக் கொள்வார்கள். கையில் கட்டுவது பெண்கள் அணியும் நகை என்று நினைத்தார்கள்.

இந்த எண்ணத்தை மாற்றியதில் ஆகாய விமானத்துக்கும் பங்கு உண்டு. சாண்டோஸ் டூமோன் என்ற பிரேசில் நாட்டுக்காரர் பாரீஸ் நகரில் பறந்து சாகசம் செய்து வந்தார். பறக்கும்போது இரண்டு கைகளும் விசைகளைப் பிடித்திருக்கும். பையில் கை விட்டுக் கடிகாரத்தை எடுப்பது எப்படி? தன் சங்கடத்தை நகை வியாபாரியான நண்பர் கார்ட்டியேயிடம் சொன்னார். 1904-ல் கார்ட்டியே அவருக்கு ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுத்தார்.

பத்து ஆண்டுகள் கழித்து முதலாவது உலகப் போர் மூண்டது. பதுங்கு குழியில் இருந்த சிப்பாய்களும் கடிகாரத்தைக் கையில் கட்டிக் கொண்டார்கள். அதற்குப் பிறகு அதை நகை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

போர் தொடங்கிய அந்த 1914-ம் ஆண்டில் லியோன் பிரைட்லிங் காலமானார். பட்டறை மகன் காஸ்டன் கைக்கு வந்தது.

அந்நாளைய குரோனோகிராப்பில் ஒரு தொல்லை இருந்தது. சாவி கொடுக்கும் திருகைத்தான் பொத்தானாகவும் அழுத்த வேண்டும். காஸ்டன் 1915-ல், திருகுக்கு மேலே தனியாக ஒரு பொத்தான் வைத்துக் கைக்கடிகாரம் செய்தார். ஆள்காட்டி விரலால் சட்டென்று அழுத்தலாம். பார்ப்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் அந்தப் பொத்தான் இருக்கும் இடம் இன்றுவரை மாறவில்லை.

1927-ல் காஸ்டனும் மறைந்தார். அவருடைய மகன் வில்லிக்கு அப்போது வயது 14.

பதினான்கு வயதுப் பையன் கம்பெனியை நடத்த முடியுமா? ஐந்து ஆண்டுகள் வேறு ஆட்கள் நடத்தினார்கள். 1932-ல் வில்லி நாற்காலியில் உட்கார்ந்தார். வயது 19. உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலாளர்கள் வேலை இல்லாமல் தவித்தார்கள்.

இந்தப் பையன் என்ன செய்துவிடப் போகிறான் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கலாம்.

இரண்டாவது பொத்தான்

இரண்டே ஆண்டுகளில் வில்லி ஒரு வேலை செய்தார். அப்பா வைத்த பொத்தானுக்குக் கீழே, திருகுக்கு மறுபக்கம், இன்னொரு பொத்தானை வைத்தார். அது 1934-ம் ஆண்டு.

மேல் பொத்தான் முள்ளை ஓட்டும், நிறுத்தும். கீழ்ப் பொத்தான் முள்ளைத் திரும்பச் சைபருக்குக் கொண்டு வரும்.

இதில் என்ன லாபம்? பத்து நிமிடம் ஓடிய முள்ளை நிறுத்தி வைக்கலாம். பிறகு, விட்ட இடத்தில் இருந்தே மறுபடி ஓட்டலாம். இடையே போன நேரம் கணக்கில் சேராது. முன்பு பல கடிகாரங்களில் இது முடியாது. மூன்றாவது முறை அழுத்தினால் முள் சைபருக்கு ஓடிவிடும்.

இன்றைக்கு உலகத்தில் எந்தக் கம்பெனி செய்த குரோனோகிராப்பை எடுத்தாலும், பெரும்பாலும் இந்த இரண்டு பொத்தான்கள் இருக்கும். மேல் பொத்தானுக்கு அப்பாவும், கீழ்ப் பொத்தானுக்கு மகனும் வழி காட்டினார்கள்.

ஆகாயத்தில் மைல் கல் ஏது?

விமானிக்கு விநாடிக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம்.

தரையில் பாதை இருக்கிறது. மைல் கல் இருக்கிறது. வழி தெரியாவிட்டால் யாரையாவது கேட்கலாம். மேகத்துக்கு மேலே இவை ஒன்றும் கிடையாது. அந்த நாளில் செயற்கைக் கோளும் கிடையாது.

விமானியிடம் இருந்தவை மூன்றே மூன்று. திசை காட்டும் கருவி. வேகம் காட்டும் முள். மணி காட்டும் கடிகாரம்.

‘கிழக்கே திரும்பினேன். மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் 20 நிமிடம் பறந்தேன். ஆகவே 100 கிலோ மீட்டர் கிழக்கே வந்திருக்கிறேன்.’ இப்படிக் கணக்குப் போட்டுத்தான் தாம் இருக்கும் இடத்தைத் தெரிந்து கொண்டார்கள்.

கடிகாரம் ஒரு நிமிடம் தப்பாகக் காட்டினால்? 5 கிலோ மீட்டர் தவறிப் போகும்! இரவு நேரத்தில், மலைப் பகுதியில், 5 கிலோ மீட்டர் என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம். பெட்ரோல் எத்தனை நிமிடத்துக்குத் தாங்கும் என்பதற்கும் கடிகாரம்தான் கணக்கு. கரணம் தப்பினால் மரணம்!

வில்லி இதைப் புரிந்து கொண்டார். 1938-ல் விமானக் கடிகாரங்களுக்கு என்றே கம்பெனியில் தனிப் பிரிவு தொடங்கினார். அதற்கு ‘உயிட்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் உயிட் என்றால் எட்டு. விமானி அறையின் பலகையில் பொருத்தும் அந்தக் கடிகாரங்களுக்கு ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். அதனால்தான் அந்தப் பெயர்.

கைக்கடிகாரம் என்றால் இடிபடாமல் பார்த்துக் கொள்ளலாம். இந்தக் கடிகாரங்களின் கதி வேறு. என்ஜின் அதிரும். மேலே போனால் குளிர். கீழே இறங்கினால் வெயில். அத்தனையும் தாங்கி ஓட வேண்டும். இருட்டிலும் தெரிவதற்காக எண்களுக்கு ரேடியம் கலந்த மை பூசினார்கள். ரேடியத்தின் கெடுதல் உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த பிறகு, கடிகாரக் கம்பெனிகள் அந்த மையைக் கைவிட்டன.

இங்கிலாந்தின் விமானப் படை பிரைட்லிங்கிடம் கடிகாரங்கள் வாங்கியது. இரண்டாவது உலகப் போர் வந்தது. சுவிட்சர்லாந்து எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனால் அதைச் சுற்றிலும் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் வளைத்துக் கொண்டார்கள். அப்படி இருக்க, இங்கிலாந்துக்குச் சரக்கு எப்படிப் போகும்?

இது பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. வில்லியும் அவருடைய நண்பர்களும் இரவு நேரத்தில் ஒரு வயல் வெளிக்குக் கார்களை ஓட்டிச் செல்வார்களாம். கார் விளக்குகளை எரிய விடுவார்களாம். அந்த வெளிச்சத்தில் ஓர் இங்கிலீஷ் விமானம் இறங்கி, பெட்டிகளை ஏற்றிக் கொண்டு பறந்து விடுமாம். இதற்குச் சான்று காட்டுவது கடினம். ஆனால் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது!

கையிலே ஒரு கணக்கப் பிள்ளை

வில்லி செய்த எல்லாவற்றிலும் பெரிய காரியம் இனிமேல்தான் வருகிறது.

கால்குலேட்டர் வருவதற்கு முன்பு, எஞ்சினீயர்கள் ‘ஸ்லைடு ரூல்’ என்ற அளவுகோலை வைத்திருந்தார்கள். அதில் எண்கள் சம தூரத்தில் இருக்கா. போகப் போக நெருக்கமாக இருக்கும். ஒரு கோலை இன்னொரு கோலின் மீது நகர்த்தினால் பெருக்கலும் வகுத்தலும் தானே வந்துவிடும்.

அந்தக் கோலை வட்டமாக வளைத்துக் கடிகாரத்தைச் சுற்றி வைத்தால் என்ன?

1940-களின் தொடக்கத்தில் ‘குரோனோமேட்’ என்ற பெயரில் அப்படி ஒரு கடிகாரம் வந்தது. அது எஞ்சினீயர்களுக்கும் கணக்கு வேலை செய்கிறவர்களுக்கும் ஏற்றது. 1952-ல் அதையே விமானிகளின் கணக்குக்குத் தகுந்தபடி மாற்றினார் வில்லி. ‘நேவிடைமர்’ என்று பெயர் வைத்தார்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

விமானம் ஒரு மணிக்கு 120 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். கண்ணாடியைச் சுற்றி உள்ள வளையத்தைத் திருப்பி, வெளி வட்டத்தில் உள்ள 12 என்ற எண்ணை, உள் வட்டத்தில் உள்ள 60-க்கு நேராக நிறுத்த வேண்டும். 60 என்பது 60 நிமிடம். அவ்வளவுதான், வேலை முடிந்தது!

25 நிமிடம் பறக்க எவ்வளவு வேண்டும்? உள் வட்டத்தில் 25-ஐப் பார்க்க வேண்டும். அதற்கு நேரே வெளியில் 50 நிற்கும். 50 லிட்டர். ஒன்றரை மணி நேரம் பறக்க? 90-க்கு நேரே 18 நிற்கும். 180 லிட்டர். சைபரைச் சேர்ப்பது விமானியின் பொறுப்பு!

வேகம், தூரம், மேலே ஏறும் கணக்கு, கடல் மைலைக் கிலோ மீட்டராக மாற்றுவது, எல்லாவற்றையும் இப்படியே போடலாம். பென்சிலும் வேண்டாம், காகிதமும் வேண்டாம். ஒரு கையில் விமானத்தின் பிடி இருக்க, மறு கையால் வளையத்தைத் திருப்பினால் போதும்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நேவிடைமரின் முகத்தில் எண்கள் எறும்புக் கூட்டம் போல் மொய்த்திருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, மணி என்ன என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு! ஆனால் விமானிகள் அதை விரும்பினார்கள். அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்பவர்களும் விமானிகளும் சேர்ந்த சங்கம் ஒன்று உண்டு. அந்தச் சங்கத்தின் சிறகுச் சின்னத்தைத் தாங்கியே நேவிடைமர்கள் வெளிவந்தன.

மூன்று விநாடி

இப்போது கார்பெண்டரிடம் திரும்பி வருவோம்.

விண்கலம் பூமியைச் சுற்றும்போது, சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை சூரியன் உதிக்கும், மறையும். கடிகாரத்தில் 8 என்று இருந்தால் அது காலை 8-ஆ, இரவு 8-ஆ? ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே கார்பெண்டர் பிரைட்லிங் கம்பெனியிடம் ஒரு கோரிக்கை வைத்தார். 12 மணிக்குப் பதிலாக 24 மணியும் காட்டும் நேவிடைமர் வேண்டும் என்றார். செய்து கொடுத்தார்கள். 1962 மே 24-ந் தேதி, ‘அரோரா 7’ என்ற விண்கலத்தில் அதைக் கட்டிக் கொண்டு அவர் புறப்பட்டார். விண்வெளிக்குப் போன முதல் சுவிஸ் கைக்கடிகாரம் அதுதான் என்று கம்பெனி பெருமை பேசுகிறது.

திரும்பி வரும்போதுதான் ஆபத்து வந்தது. வேகத்தைக் குறைக்கும் ராக்கெட்டுகள் எரிய வேண்டிய நேரம். விண்கலம் சரியான திசையில் நிற்கவில்லை. ராக்கெட்டுகளின் விசையும் கொஞ்சம் குறைவு. போதாததற்கு, தானாக எரிய வேண்டியவை எரியவில்லை. கார்பெண்டரே பொத்தானை அழுத்தினார். அவை எரிந்தபோது மூன்று விநாடி தாமதமாகிவிட்டது.

மூன்றே விநாடி! கண் இமைத்து மூடும் நேரம். அதற்கே சுமார் 24 கிலோ மீட்டர் தள்ளிப் போய்விட்டது. திசைத் தவறும் மற்றதும் சேர்ந்து 400 கிலோ மீட்டர் ஆயிற்று.

கடல் தண்ணீர் பட்டுக் கெட்டுப்போன கடிகாரம், பழுது பார்க்க சுவிட்சர்லாந்துக்குப் போயிற்று. கம்பெனி அவருக்குப் புதிதாக ஒன்று கொடுத்தது. பழையதை வில்லி பத்திரமாக வைத்துக் கொண்டார்.

சினிமாவும் பிரைட்லிங்கை விடவில்லை. 1965-ல் வந்த ‘தண்டர்பால்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில், அணுகுண்டைக் கண்டுபிடிக்கும் கருவியாக மாற்றிய ஒரு பிரைட்லிங் கடிகாரம் வருகிறது. படத்துக்குப் பிறகு அது எங்கேயோ தொலைந்து போயிற்று. பல ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் பழைய சாமான் சந்தையில் ஒருவர் அதை 25 பவுனுக்கு வாங்கினார். 2013-ல் லண்டன் ஏலத்தில் அது ஒரு லட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று!

பட்ட காலிலே படும்

1969 மார்ச் 3-ந் தேதி வில்லிக்கு மகிழ்ச்சியான நாள். சாவி கொடுக்காமலே, கை அசைவில் தானே முறுக்கிக் கொள்ளும் குரோனோகிராப்பை உலகத்துக்குக் காட்டினார். இதற்காக, போட்டிக் கம்பெனியான ஹோயருடனும் இன்னும் சிலருடனும் கூட்டுச் சேர்ந்து, பல ஆண்டுகள் ரகசியமாக வேலை செய்திருந்தார். எப்போதும் வலப் பக்கம் இருக்கும் திருகை இதில் இடப் பக்கம் வைத்தார்கள். சாவி கொடுக்கவே வேண்டாம் என்பதை ஊருக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி உண்டா?

அதே ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ஜப்பானில் ஒரு கடிகாரம் விற்பனைக்கு வந்தது. சீக்கோ கம்பெனியின் ‘அஸ்ட்ரான்’. அதில் சுருள்வில் கிடையாது. சின்ன பாட்டரியும், குவார்ட்ஸ் என்ற படிகத் துண்டும் இருந்தன. மாதத்துக்கு ஐந்து விநாடிக்கு மேல் தப்பாது என்றார்கள்.

முதலில் அதன் விலை ஒரு சின்ன காரின் விலை. போகப் போக விலை இறங்கியது. பத்தே ஆண்டுகளில் குவார்ட்ஸ் கடிகாரம் மலிவாகக் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் ஊர் ஊராகப் பட்டறைகள் மூடப்பட்டன. 1970-ல் சுமார் 90 ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட கடிகாரத் தொழில், 1980-களின் நடுவில் அதில் மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான் வேலை கொடுத்தது. கடிகாரத்தைத் தவிர வேறு தொழில் அறியாத மலை ஊர்கள் அவை. அந்தக் குடும்பங்களின் பாடு எப்படி இருந்திருக்கும்!

எந்த விமானிகளை நம்பி வில்லி வாழ்ந்தாரோ, அவர்களுக்கும் இப்போது கையில் கணக்குப் போடும் கடிகாரம் தேவைப்படவில்லை. விமானத்திலேயே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சட்டைப் பையில் கால்குலேட்டர் வந்துவிட்டது.

வில்லியின் உடல் நலம் கெட்டது. கம்பெனியை ஏற்று நடத்தும் வயது அவருடைய மகன்களுக்கு இன்னும் வரவில்லை. முன்பு, காஸ்டன் இறந்தபோது வில்லிக்காகக் கம்பெனி ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது. இந்தத் தடவை காத்திருக்க நேரம் இல்லை.

கம்பெனி நொடித்தது. உதிரிப் பாகங்களும் அச்சுகளும் கை மாறின. அவற்றில் ஒரு பகுதியை வாங்கியவர்களில், ஹெல்முட் சின் என்ற ஜெர்மானியர் ஒருவர். அவரும் விமானியாக இருந்தவர்தான்.

விமானியே வந்தார்

1979 ஏப்ரல் மாதம். பிரைட்லிங் என்ற பெயரை வாங்குவதற்கு ஒருவர் வந்தார். எர்னஸ்ட் ஷ்னைடர் என்பது அவர் பெயர். கிரெங்கன் என்ற ஊரில் மலிவு விலைக் கடிகாரங்கள் செய்து வந்தார். எலக்ட்ரானிக் தொழில் அறிந்தவர்.

அதோடு, விமானம் ஓட்டத் தெரிந்தவர்!

கையெழுத்தாயிற்று. பாட்டனார் தொடங்கி, தந்தை வளர்த்து, தாம் 47 ஆண்டுகள் கட்டிக் காத்த கம்பெனி கை மாறியதை வில்லி கண்ணால் பார்த்தார். சில வாரங்களில் கண்ணை மூடினார்.

ஷ்னைடர் நினைத்திருந்தால், பெயரை மட்டும் வைத்துக் கொண்டு மலிவுச் சரக்கு விற்றிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. விமானிகளிடமே திரும்பிப் போனார். இத்தாலி விமானப் படையில் பத்து விமானங்கள் சேர்ந்து வித்தை காட்டும் ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவின் விமானிகளுக்காக 1983-ல் ஒரு கடிகாரம் செய்தார். விமானி அறையில் இடித்தாலும் கண்ணாடி உடையாதபடி, சுற்று வளையத்தில் நான்கு மேடுகள் வைத்தார். மறு ஆண்டு, கம்பெனியின் நூறாவது ஆண்டில், அதையே ‘குரோனோமேட்’ என்ற பழைய பெயரில் கடைக்குக் கொண்டு வந்தார்.

எல்லோரும் குவார்ட்ஸ் குவார்ட்ஸ் என்று ஓடிய நேரத்தில், சுருள்வில் வைத்த பெரிய கடிகாரத்தை விற்றார். அது விற்றது!

1995-ல் இன்னும் ஓர் அதிசயம் வந்தது. ‘எமர்ஜென்சி’ என்ற கைக்கடிகாரம். அதற்குள் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. விமானம் விழுந்துவிட்டால், ஒரு மூடியைத் திருகி, உள்ளே இருக்கும் கம்பியை வெளியே இழுக்க வேண்டும். உடனே ஆபத்துச் சைகை கிளம்பும். தேடி வரும் விமானங்கள் அதைக் கேட்டு வந்து சேரும். வேடிக்கைக்காக இழுத்தால்? தேடுதல் செலவைத் தாமே கொடுப்பதாக, வாங்கும்போதே எழுதித் தர வேண்டும்!

2003-ல் இரண்டு பிரிட்டிஷ் விமானிகளின் ஹெலிகாப்டர் அண்டார்டிகாவுக்கு அருகே கடலில் விழுந்தது. அவர்கள் ரப்பர் படகில் ஏறி, கையில் இருந்த கடிகாரக் கம்பியை இழுத்தார்கள். மீட்கப்பட்டார்கள்.

பலூனில் ஓர் உலகப் பயணம்

எங்கும் இறங்காமல் பலூனில் உலகத்தைச் சுற்ற வேண்டும். அதுவரை யாராலும் முடியாத காரியம் அது. அதற்குப் பிரைட்லிங் பணம் போட்டது. போனவர், சுவிட்சர்லாந்தின் பெர்ட்ராண்ட் பிக்கார்டு.

இவரும் மூன்றாவது தலைமுறை மனிதர்! பாட்டனார் அகஸ்ட் பிக்கார்டு 1931-ல் பலூனில் ஏறி, அதுவரை எவரும் போகாத உயரத்துக்குப் போனவர். தந்தை ழாக் பிக்கார்டு 1960-ல் கடலின் மிக ஆழமான பள்ளத்தில் இறங்கியவர். பாட்டன் மேலே, தந்தை கீழே. பேரனுக்கு மிஞ்சியது சுற்றி வருவது ஒன்றுதான்!

1997-ல் முதல் பலூன் புறப்பட்ட சில மணி நேரத்தில் மத்தியதரைக் கடலில் இறங்கிற்று. 1998-ல் இரண்டாவது பலூன் பர்மா வரை போயிற்று. சீனாவின் மீது பறக்க நேரத்தில் அனுமதி கிடைக்காததால் வீணாயிற்று.

1999 மார்ச் 1-ந் தேதி மூன்றாவது பலூன் கிளம்பியது. பிக்கார்டுடன் பிரையன் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்துக்காரரும் ஏறினார். மலை, பாலைவனம், பசிபிக் மாகடல், எல்லாவற்றையும் காற்றின் போக்கிலேயே கடந்தார்கள். மார்ச் 21-ந் தேதி எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் இறங்கினார்கள். ஆகாயத்தில் இருந்தது 19 நாள், 21 மணி, 47 நிமிடம். கிளம்பும்போது 3,700 கிலோ எரிவாயு இருந்தது. இறங்கும்போது மீதி இருந்தது 40 கிலோதான்!

பூட்டி வைத்த கடிகாரம்

2009-ல் பிரைட்லிங் தன் சொந்தத் தயாரிப்பான குரோனோகிராப் இயந்திரத்தை வெளியிட்டது. 2017-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் கம்பெனியின் பெரும் பங்கை ஷ்னைடர் குடும்பத்திடம் இருந்து வாங்கியது. நேவிடைமர் இப்போதும் விற்பனையாகிறது. அதன் வளையத்தைத் திருப்பிக் கணக்குப் போடும் விமானிகள் இன்று அதிகம் இருக்க மாட்டார்கள்.

கார்பெண்டரின் கடிகாரம்?

வில்லி பத்திரப்படுத்திய அந்தக் கடிகாரம் வெளி உலகத்தின் கண்ணில் படாமலே இருந்தது. கார்பெண்டர் 2013-ல் காலமானார்.

2022-ம் ஆண்டு மே 24-ந் தேதி, அந்த விண்வெளிப் பயணத்தின் 60-வது ஆண்டு நிறைவு நாளில், சூரிச் நகரில் அதை எடுத்துப் பார்வைக்கு வைத்தார்கள். யாரும் அதைப் பழுது பார்க்கவில்லை. மெருகு போடவில்லை. அட்லாண்டிக் கடலின் உப்பு அரித்த முகத்தோடு, கண்ணாடிக்கு உள்ளே, அது ஓடாமல் நின்றது.